ஒன்பதாம் எண் சட்டை நம் பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை?

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி 2014-இல் தொடங்கியதிலிருந்து 2024-25 பருவம் வரை, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி பதினொரு முறை வழங்கப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டு சென்னையின் எஃப்.சி.யின் எலானோ, அடுத்த ஆண்டு அதே அணியின் மெண்டோசா, பிறகு கோவாவின் கோரோ இரண்டு முறை, ஹைதராபாத்தின் ஒக்பெச்சே, கேரளா பிளாஸ்டர்ஸின் டயமண்டகோஸ், கடைசியாக 23 கோல் அடித்த நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் அஜாரே என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதில் ஒரு இந்தியர் பெயர்கூட இல்லை. 2019-20 பருவத்தில் வால்ஸ்கிஸ், ராய் கிருஷ்ணா, ஒக்பெச்சே ஆகிய மூவரும் தலா 15 கோல் அடித்து முதலிடத்துக்குப் போட்டியிட்டார்கள், மூவரும் வெளிநாட்டவர்களே. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாக அடித்தார்கள், நானும் கைதட்டினேன். இந்தியப் பிள்ளை ஒருவன், ஒன்பதாம் எண் சட்டையோடு முன்களத்தின் நடுவில் நின்று கோலடிக்கும் ஸ்ட்ரைக்கராகவே தொடங்கி ஸ்ட்ரைக்கராகவே வாழ்ந்து முடிக்கும் வழியை நாம் எப்போது அடைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர் வந்துவிடும் கடற்கரையில் இருந்து இதை எழுதுகிறேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று எந்த ஊருக்குப் போனாலும் மாலையில் மணலில் பந்து உருளும். பங்குத் திருவிழாவை ஒட்டி மின்விளக்குப் போட்டி நடந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் திரண்டு வருவார்கள். சிறுவர்களிடம் எந்த இடத்தில் விளையாடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "முன்னால" என்றுதான் சொல்வார்கள். மணலில் விளையாடிப் பழகிய கால்களுக்கு முதல் இரண்டு அடியிலேயே வேகம் வந்துவிடுகிறது. பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாத தரையில் வளர்ந்ததால், அதை ஒரே தொடுகையில் அடக்கவும் தெரிந்துவிடுகிறது. முன்களத்துக்கு வேண்டிய அடிப்படை இங்கே இயல்பாகவே கிடைக்கிறது.

ஆனால் இந்தக் கரையிலிருந்து மேலே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் பெருமை சேர்த்த இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் தாக்குதல் ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர். 2019-20-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அவர் இடது ஓரத்தில் விங்-பேக்காக, அதாவது தடுக்கவும் தாக்கவும் களத்தின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டிய இடத்தில் ஆடினார். முன்னால் நின்று கோலடிக்கும் வேலை ராய் கிருஷ்ணாவுக்கும் டேவிட் வில்லியம்ஸுக்கும் உரியதாக இருந்தது. பயிற்சியாளர் செய்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். கோப்பை கைக்கு வந்தது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20 அன்று, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறியதைப் பார்த்த இரவில் எங்கள் ஊர்களில் பலர் சாப்பிடவே இல்லை. அவருடைய திறமையை ஒரு அணி எங்கே பயன்படுத்தியது என்பதை மட்டும் இங்கே சுட்டிக்காட்டுகிறேன். ஓடத் தெரிந்த இந்தியப் பையனை ஓரத்துக்கு அனுப்புவதும், நடுவில் நிற்க வெளிநாட்டவரை வாங்குவதும் நம் அணிகளுக்கு எழுதாத விதியாகிவிட்டது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தேசிய கால்பந்து லீக் தொடங்கிய 1996-97-இல் அதிக கோல் அடித்தவர் ஜே.சி.டி.யின் பாய்ச்சுங் பூட்டியா. அடுத்த பருவத்தில் அந்த இடம் ராமன் விஜயனுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக்காரர், ஆடியது கொச்சியின் எஃப்.சி. கொச்சின் அணிக்கு. எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறு இருந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு மென்சா, ஷ்க்விரின், பரெட்டோ, யாக்கூபு, ஒடாஃபா என்று வெளிநாட்டவர் பெயர்களாக வரிசையே மாறிப்போனது. அந்த லீக்கின் இடத்தில் வந்த ஐ-லீக்கில், 2013-14-இல் சுனில் சேத்ரி வேறு இருவருடன் 14 கோலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது விதிவிலக்காகத்தான் தெரிகிறது.

காரணத்தைத் தேடினால் கேரளத்தின் புகழ்பெற்ற ஸ்ட்ரைக்கர் ஐ. எம். விஜயனின் வாழ்க்கையில் அது தெளிவாகக் கிடைக்கிறது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற அந்தப் பையன் 1987-இல் கேரள போலீஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. அதைவிட முக்கியமாக, வெளிநாட்டு ஆட்டக்காரர் வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்வார் என்ற பயம் இல்லாமல் ஆண்டு முழுவதும் முன்களத்தில் நிற்கும் உரிமை இருந்தது. பாப்பச்சனும் சத்யனும் ஷரஃப் அலியும் இருந்த அந்தப் போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், இந்தப் பக்கம் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற துறை அணிகளிலும் கோலடிக்க வேண்டியவர் உள்ளூர் ஆள்தான். வேறு ஆள் கிடையாது. அந்த அணிகளின் காலம் மங்கியபோது, வேலைவாய்ப்போடு சேர்ந்து ஸ்ட்ரைக்கர்களை வளர்த்த பள்ளிக்கூடமும் மூடப்பட்டது என்பது என் உறுதியான கருத்து. தொழில்முறை அணிகள் வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் இழந்ததற்கு ஈடாக எதையும் அவை கட்டவில்லை.

ஸ்ட்ரைக்கரின் தொழிலைப் பயிற்சி மைதானத்தில் கற்றுக்கொள்ள முடியாது. பெனால்ட்டி பாக்ஸுக்குள் எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரரான சென்டர்-பேக் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்போது, பந்து ஓரத்திலிருந்து வருவதற்கு அரை நொடி முன்னால், தூரக் கம்பத்துக்குப் போவதுபோல் ஓர் அடி வைத்துவிட்டு அருகிலுள்ள கம்பத்துக்குப் பாய வேண்டும். எதிரணி உண்மையாகவே ஜெயிக்க நினைக்கும் ஆட்டத்தில், எழுபதாவது நிமிடக் களைப்பில்தான் அந்த அடியைக் கற்க முடியும். மூன்று வாய்ப்பைத் தவறவிட்டவனை அடுத்த வாரமும் இறக்கினால்தான் நான்காவதை அடிப்பான். மூன்று நான்கு பருவம் தொடர்ந்து தவறவிட்டுத்தான் எந்த நாட்டு ஸ்ட்ரைக்கரும் உருவாகியிருக்கிறார்.

எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் ஓர் அணியோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவன் என்னிடம் சொன்னது இது: "பயிற்சியில நல்லாத்தான் அடிக்கேன் அண்ணே. ஆட்டத்துல எண்பத்தஞ்சு ஆனப்புறம்தான் கூப்பிடுறாவ. பந்தே தொடல, விசில் ஊதிருவாவ." ஐந்து நிமிடத்தில் எதை நிரூபிப்பது? இரண்டு மாதத்தில் அவனை வலது ஓரத்தில் போட்டுப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இப்போது அவன் வடக்கே மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடுகிறான். ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் பணம் வருகிறது, தற்காலிக கேலரி நிறையக் கூட்டமும் வருகிறது. அந்தக் கூட்டத்தின் அன்பு பொய்யில்லை. ஆனால் சிறு மைதானத்தில் ஏழு பேர் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடினால், பதினொரு பேர் ஆட்டத்தின் இடைவெளிகளைக் கண் மறந்துபோகிறது. அடிபட்டால் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை.

வீட்டில் இருப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, ஆழ்கடலுக்குப் போகும் தொழிலைத் தவிர வேறு எது கிடைத்தாலும் போதும் என்று நினைக்கும் தாய்மார்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிள்ளை பந்து விளையாடி ஓர் அரசு வேலை வாங்கினால் அவர்களுக்கு அதுவே பெரும் பேறு. வேலையையும் ஆட்டத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் கேரளத்தின் முன்கள ஆட்டக்காரர் சி. கே. வினீத் அனுபவித்தார், நாட்டுக்காகவும் கிளப்புக்காகவும் ஆடிக்கொண்டிருந்தவர், வருகைப்பதிவு போதவில்லை என்று 2017-இல் திருவனந்தபுரத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுபக்கம், கிளப்பை மட்டும் நம்பியவர்களுக்கு 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவம் நிறுத்தி வைக்கப்பட்டு, சில அணிகள் சம்பளத்தையே நிறுத்தியது என்ன பாடம் சொல்லியிருக்கும்?

திறமைக்குப் பஞ்சம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியின் 2022 அரையிறுதியில் மஞ்சேரி பையநாடு மைதானத்தில் கேரளத்தின் ஜெசின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கர்நாடகத்துக்கு எதிராகத் தனியாக ஐந்து கோல் அடித்தார், ஆட்டம் 7-3. வங்காளத்தின் ரோபி ஹன்ஸ்தா 2024-25 சந்தோஷ் டிராஃபியில் 12 கோல் அடித்து, இறுதி ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகான இஞ்சுரி டைம் கோலால் கேரளத்தையே வீழ்த்தினார். அதே பருவத்தில் இந்திய அணிக்கோ கோலடிக்க ஆளில்லை. 94 கோலோடு 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக அடித்தார். அவரை வணங்குகிறேன். ஆனால் அவரை அழைக்க வேண்டிய நிலை வந்ததற்கு இந்தியக் கால்பந்தை நடத்துபவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா எனக்கு நம்பிக்கை தந்தது. திருவனந்தபுரம் அணியின் ஆட்டத்தைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம். ஆனால் ஆறு அணிகள், லீக் சுற்றில் அணிக்குப் பத்து ஆட்டம் என்றால் ஒரு ஸ்ட்ரைக்கர் சூடேறுவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அந்த அளவுகூட இல்லை. இரண்டு மாநிலச் சங்கங்களும் பேசி, ஆறேழு மாதம் நீளும் ஒரு லீக்கை, முன்களத்தில் இந்தியர் ஒருவராவது தொடக்கம் முதல் ஆட வேண்டும் என்ற கட்டாய விதியோடு நடத்தலாம். ஐ.எஸ்.எல்.லில் களத்தில் இறங்கும் வெளிநாட்டவர் ஆறிலிருந்து ஐந்தாகி, 2021-22 முதல் நான்காகக் குறைந்தபோது இந்திய ஸ்ட்ரைக்கர் வருவார் என்று எதிர்பார்த்தோம். குறைந்த இடங்கள் மற்ற வரிசைகளில்தான் குறைந்தன. ஒன்பதாம் எண் அப்படியே இருந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது, இடத்தையே குறிப்பிட்டு விதி செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

விதி வரும்வரை இந்தக் கரையின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கேட்டு அணி ஆட்கள் வீட்டுக்கு வரும்போது மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். கூடவே, எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள், அணியில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள், இடம் இல்லையென்றால் வேறு அணிக்குக் கடனாக அனுப்புவீர்களா, முழங்காலில் அடிபட்டால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையும் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்தவர் யாராவது துணைக்கு வேண்டுமென்றால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள், நான் வருகிறேன்.