தரவைத் திட்டுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்

திருப்பத்தூர் புத்தகப் பார்சல் விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்தது என்னவென்று இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு: சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் திறக்கவிருந்த ஒரு நூலகத்துக்கு எங்கள் குழு கூரியரில் அனுப்பிய புத்தகப் பார்சல்கள், அதே பெயருள்ள இன்னொரு திருப்பத்தூருக்குப் போய்விட்டன. ஆனால் நேற்று இரவு அந்தக் கூரியர் நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தைப் படித்தேன். அதைப் பகிர்ந்து, "இலவசமாகக் கிடைக்கும் அரசுத் தரவை நம்பினால் இப்படித்தான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்ததையும், அதற்குக் கீழே வரிசையாக வந்து தலையாட்டியவர்களையும் பார்த்தேன். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அரசுத் தரவின் பிழையால் அந்தப் பார்சல்கள் வழி தவறவில்லை. தரவைத் திறந்து பார்க்காதவர்களால் வழி தவறின.

பெட்டியின் மேல் நாங்கள் மார்க்கரில் எழுதியது: திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம், 630211. அதன் மேல் அந்த நிறுவனம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது: திருப்பத்தூர், 635601. ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருந்ததால் எங்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. திரும்பி வந்த பெட்டியை வாங்கியபோது என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூருக்குப் போக வேண்டிய புத்தகங்கள், ஏலகிரி மலை இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய் அலைந்துவிட்டு, மூலை நசுங்கி, அடியில் இருந்த இரண்டு அடுக்கு நனைந்து திரும்பியிருந்தன. நூலகத் திறப்பு விழாவை வெறும் அலமாரிகளை வைத்து நடத்தினார்கள்.

யாரும் எடுத்துப் பயன்படுத்த அரசு வெளியிட்டிருக்கும் திறந்த தரவைக் கொண்டு முகவரிகள் தானாகச் சரிசெய்யப்படுகின்றன, அந்தத் தரவில் இருந்த பிழையே காரணம் என்கிறது விளக்கம். எந்தப் பிழை என்று சொல்லவில்லை. நான் இன்று காலை அந்தக் கோப்பை மறுபடியும் திறந்து பார்த்தேன். அஞ்சல் துறை தொகுத்து, மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வைத்திருக்கும் அதே பின்கோடு கோப்புதான். இரண்டு திருப்பத்தூர்களும் தனித்தனி வரிகளில், தனித்தனி எண்களோடு, தனித்தனி அஞ்சல் கோட்டங்களின் கீழ் இருக்கின்றன. கோப்புக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. உங்கள் மென்பொருளுக்குத்தான் தெரியவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே பெயரில் ஒரு மாவட்டம் இருப்பதைப் பார்த்ததும் அதுதான் சரி என்று முடிவு செய்து, நாங்கள் எழுதிய சரியான எண்ணை அழித்திருக்கிறது.

பின்கோடு எதற்காக வந்தது? 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர், மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதிய முகவரிகள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்று தபால் பிரிப்பவர்கள் பட்ட பாட்டுக்குத் தீர்வாகத்தான் அந்த ஆறு இலக்கங்கள் வந்தன. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிப்பதற்காக அஞ்சல் துறை வகுத்த மாவட்டம் (வருவாய் மாவட்டம் அல்ல), கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். பெயர் குழப்பினாலும் எண் வழிகாட்ட வேண்டும் என்பதற்காகவே உருவான ஏற்பாடு இது. பெயரை வைத்து எண்ணைத் திருத்துகிறவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த பிரச்சினையைப் புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள்.

உடனே சிலர் வருவார்கள்: "அப்படியானால் அரசுத் தரவு சுத்தத் தங்கம் என்கிறீர்களா?" நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோப்பின் குறைகளைப் பற்றி இங்கே நான் எழுதி எழுதி நீங்கள்தான் சலித்துப் போயிருக்கிறீர்கள். பல வரிகளில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கான இடத்தில் எண்ணே கிடையாது. எண் இருக்கும் இடத்திலும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் இதைச் சோதிக்கக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை. தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.6 வரையிலான வடக்கு அட்சரேகைக்குள்ளும், 76 முதல் 80.4 வரையிலான கிழக்குத் தீர்க்கரேகைக்குள்ளும் அடங்கிவிடும். அதற்கு வெளியே விழும் புள்ளிகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், போதும். திருச்சியின் இரண்டு எண்களும் இடம் மாறினால் அந்தப் புள்ளி நார்வேக்கு வடக்கே, பனி மூடிய ஸ்வால்பார்டு தீவுகளில் போய் விழும். வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது. போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளி சரியாக இருந்தாலும் அது அஞ்சலகம் இருக்கும் இடத்தைத்தான் காட்டும். உங்கள் வீட்டையோ உங்கள் ஊரையோ காட்டாது. இதையும் தெரிந்துகொள்ளாமல், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குக்கிராமத்துக்கும் அஞ்சலக வாசலுக்கும் ஒரே தூரம் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அந்தக் கோப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. ஆனால் நாட்டில் உள்ள பின்கோடுகள் சுமார் 19,000தான். அதாவது ஒரே எண்ணின் கீழ் ஒரு துணை அஞ்சலகமும் அதைச் சுற்றிய பல கிளை அஞ்சலகங்களும் வரும். இந்தக் கோப்பை வைத்து இணையப் படிவம் தயாரிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? எண் திரும்பத் திரும்ப வருகிறதே என்று, ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் இருக்கும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கிவிடுகிறார்கள். ஓர் எண்ணின் கீழ் வரும் கிராமங்களில் சில ஒரு மாவட்டத்திலும் சில அடுத்த மாவட்டத்திலும் இருக்கலாம் என்பது அவர்கள் நினைப்பிலேயே வருவதில்லை. முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னொரு ரகம். 636001 சேலம், 636701 தருமபுரி. 635001 கிருஷ்ணகிரி, 635601 திருப்பத்தூர். 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டம் என்ன, மாநிலத்தைக்கூடச் சொல்ல முடியாது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464: ஒரே ஆட்சிப்பகுதி, மூன்று இடத்துக்கும் மூன்று வெவ்வேறு தொடக்கம். ஓர் அஞ்சலகத்திலிருந்து பட்டுவாடா உண்டா இல்லையா என்று சொல்லும் நெடுவரிசையும் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் படித்தவர் எத்தனை பேர்?

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள்.

என் தங்கை குடும்பம் இருப்பது தென்காசியில். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு வெகு காலம் கழித்து, தங்கை மகளுக்கு ஒரு கல்வி உதவித்தொகைக்காக இணையத்தில் விண்ணப்பித்தோம். பின்கோடு கட்டத்தில் 627811 என்று போட்டதும் மாவட்டக் கட்டத்தில் தானாகவே "திருநெல்வேலி" என்று வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாதபடி. இ-சேவை மையத்தில் இருந்த பெண் அதன் மேல் திரும்பத் திரும்பச் சொடுக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. சாதிச் சான்றிதழிலும் வருமானச் சான்றிதழிலும் தென்காசி மாவட்டம் என்று இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், ஆவணத்தில் உள்ள மாவட்டமும் விண்ணப்பத்தில் உள்ள மாவட்டமும் பொருந்தவில்லையாம். "பெரியம்மா, நான் என்ன தப்பாக எழுதினேன்?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. அவள் ஒன்றும் எழுதவே இல்லையே! எழுதியது அந்தப் படிவம். தங்கை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். எங்கே போனாலும் "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது" என்ற ஒரே பதில்தான். கடைசித் தேதி போயே போய்விட்டது.

2019க்கும் 2020க்கும் இடையில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று ஆறு புதிய மாவட்டங்கள் வந்தன. பழைய கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, அது எந்தத் தேதியில் தொகுக்கப்பட்டது என்றுகூடப் பார்க்காமல் படிவம் செய்தால், அந்த ஆறு மாவட்டத்துப் பிள்ளைகளும் பொய் சொன்னவர்கள் ஆகிவிடுகிறார்கள். மாவட்டக் கட்டத்தைத் திருத்தும்படி விட்டிருந்தால்கூடப் போதுமே! தன் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது அங்கே குடியிருக்கும் மனிதருக்குத் தெரியாதா?

"அஞ்சல் துறைதான் உடனுக்குடன் திருத்தி வெளியிட வேண்டும்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெளியிட வேண்டும்தான். அதை அவர்களுக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் துறை தாமதித்ததால் உங்கள் பொறுப்பு கழன்றுவிடாது.

"சின்ன நிறுவனம், ஆள் இல்லை, நேரம் இல்லை" என்கிறார்கள். கட்டணம் வாங்க மட்டும் ஆளும் நேரமும் இருந்தன.

"அதுதான் டிஜிபின் வந்துவிட்டதே, இனி பின்கோடு எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025 மே மாதம் அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத்தோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு அது. நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குறியீடு அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. தவறான புள்ளியைக் கொடுத்தால் தவறான டிஜிபின்தான் வரும். பார்க்காமல் எடுத்துப் போடுகிறவர் கையில் எந்தக் குறியீட்டைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

இன்னொரு பேச்சுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிறது. "இலவசமாகக் கொடுப்பதால்தான் தரம் இல்லை, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்" என்கிறார்கள். பிரிட்டனில் அந்தப் பாதையில் போனார்கள். 2013இல் ராயல் மெயிலைத் தனியாருக்கு விற்றபோது நாட்டின் முகவரிக் கோப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, அது தவறு என்று அவர்களுடைய நாடாளுமன்றக் குழுவே சொன்னது. டென்மார்க் 2002இலேயே அரசின் முகவரித் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நம் நாட்டில் பின்கோடு கோப்பு யாருடைய அனுமதியும் இல்லாமல் எனக்கும் உங்களுக்கும் கிடைக்கிறது. அதை வைத்துத்தான் எங்களைப் போன்ற காசில்லாத குழு நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்ப முடிகிறது. ஒவ்வொரு குளறுபடிக்கும் அந்தக் கோப்பைக் கூண்டில் ஏற்றினால், எதற்கு இந்த வம்பு என்று அதிகாரிகள் ஒருநாள் அதை எடுத்துவிடுவார்கள். அப்போது பெரிய நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். நாங்கள் எங்கே போவது?

2017இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமத்தையும் கொஞ்சம் படியுங்கள். தரவைப் பயன்படுத்துகிறவர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. தரவில் பிழை இருக்கலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கிறது. பிழை என்றதும் ஊரறிய மூலத்தின் பெயரைச் சொன்ன நிறுவனமே, அதற்கு முன் உங்கள் தளத்தில் எங்காவது ஒரு மூலையில் அந்தப் பெயரைப் போட்டிருந்தீர்களா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சொல்லாமல் விடலாம் என்று நினைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் அந்தக் கோப்பின் தமிழ்நாட்டு வரிகளைச் சரிபார்த்து வருகிறோம். மாவட்டம் மாறிய ஊர்களைத் திருத்துகிறோம், சந்தேகம் வந்தால் அந்த அஞ்சலகத்துக்கே தொலைபேசியில் பேசிக் கேட்கிறோம். கிளை அஞ்சலகங்களில் இருப்பவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வார்கள் தெரியுமா? தங்கள் எண்ணின் கீழ் வரும் ஒவ்வொரு தெருவையும் ஒப்பிப்பார்கள். அப்படிச் சேர்த்த பட்டியலில் "ஒரே பெயர் ஊர்கள்" என்று தனியாக ஒரு தாள் இருக்கிறது. இரண்டு திருப்பத்தூர்களும் அந்தத் தாளில் அடுத்தடுத்து இருக்கின்றன. போன ஆண்டு இதே நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பட்டியலை எங்களிடம் கேட்டு வாங்கினார். காசு கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை, அன்றே அனுப்பினோம். பிழை கண்டால் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அந்தத் தாளைத் திறந்திருந்தால் எங்கள் பெட்டி சிவகங்கை மாவட்டத்துக்குப் போயிருக்கும். திறக்கவே இல்லை. இன்று "திறந்த தரவுப் பைத்தியங்கள்" என்று கருத்துப் பெட்டியில் எழுதுகிறவர்களின் ஏச்சு எங்களுக்குத்தான்.

அந்த நிறுவனத்திடம் நான் மன்னிப்பு கேட்கவில்லை, நனைந்த புத்தகங்களுக்குப் பணமும் கேட்கவில்லை. முகவரியை அனுப்பியவர் எழுதிய பின்கோடை உங்கள் மென்பொருள் தானாக மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று தோன்றினால் அனுப்பியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் தொலைபேசி எண் பெட்டியிலேயே இருந்தது. கோப்பில் உண்மையாகவே பிழை கண்டிருந்தால் எந்த வரி, எந்த எண் என்று வெளியிடுங்கள், நானே அஞ்சல் துறைக்கு எழுதுகிறேன்.

அந்தப் பதிவை எழுதிய நண்பருக்கு: உங்கள் பதிவை நீக்கச் சொல்ல மாட்டேன். நம் நட்பில் அதற்கெல்லாம் இடமில்லை. கோப்பை இறக்கி 630211, 635601 என்ற இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள். பார்த்த பிறகு, உங்கள் பதிவின் முதல் வரியில் ஒரு திருத்தம் போடுங்கள்.