பறிக்க வேண்டியது அந்தப் பிள்ளையின் போனையா?

எந்தச் சம்பவம் என்று நான் எழுதத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வட்ஸ்அப் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கிழமை அது வந்து சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிற ஒரு பிள்ளையின் சாதாரணப் படத்தை ஏதோவொரு ஏஐ செயலியில் போட்டு, உடுப்பே இல்லாத படமாக மாற்றியிருக்கிறார்கள். அது பொய்ப் படம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அனுப்பினார்கள். "பாவம் பிள்ளை", "பெற்றோர் கவனம்" என்று மேலே ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். பாவம் என்று நினைத்தவர் ஏன் அந்தப் படத்தை இன்னும் நூறு பேருக்குக் காட்டினார்?

அதைவிட என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது பிறகு நடந்த கூட்டம். பெரியவர்கள் கூடி, நெடுநேரம் பேசி எடுத்த முடிவு: பெண் பிள்ளைகளுக்கு உயர்தரம் முடியும்வரை போன் கொடுக்கக் கூடாது. படத்தைச் செய்தது யார், முதலில் போட்டது எந்தக் குழுவில், அந்தக் குழுவில் இருந்த பெரியவர்கள் ஏன் வாய்மூடி இருந்தார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தப் பிள்ளையின் போன் மட்டும் அன்றைக்கே பறிக்கப்பட்டது.

பாதிக்கப்பட்டவளின் போனைப் பறிப்பது தண்டனை. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்குத் தங்களுக்கு ஒன்று நடந்தால் வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்பதைத்தான் அவர்கள் இதிலிருந்து படிக்கப் போகிறார்கள். மிரட்டுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "கொம்மாட்டச் சொன்னால் உனக்குத்தான் அடி விழும்" என்பதுதானே அவனுடைய ஆயுதம்.

நான் வெறும் கதை கதைக்கவில்லை. ஓ.எல் எடுக்கப் போகிற அக்காவின் மகள் ஒருநாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய சிநேகிதியின் பெயரில் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு. அதில் ஒரேயொரு படம்தான், நல்லூர்த் தேரன்று எடுத்தது. முதலில் சுகம் விசாரித்து, பிறகு கணக்குப் பாடத்தில் ஏதோ கேட்டு, அதற்குப் பிறகு "முகம் வடிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்பு" என்று வந்திருந்தது. பிள்ளை அனுப்பவில்லை, சந்தேகப்பட்டுவிட்டாள். ஆனால் என்னிடம் அவள் சொன்ன முதல் வசனம், "சித்தி, அம்மாட்ட மட்டும் சொல்லாதேங்கோ, போனைப் பறிச்சுப்போடுவா." யாரோ ஒருவன் தன் முகத்தைக் கேட்கிறான் என்ற பயத்தைவிட, பெற்ற தாய்க்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. நாங்கள் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கணக்கை ரிப்போர்ட் பண்ணி, அந்தச் சிநேகிதிக்கும் சொன்னோம். சரி, அக்காவுக்கும் பிறகு சொன்னோம், நானும் பக்கத்தில் இருந்து. இப்போது முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் போதும், இப்படியான அசிங்கத்தைச் செய்துவிடலாம். அதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

"பெண் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டாமோ?" என்று வருவீர்கள். பள்ளிக்கூட உடுப்போடு படம் எடுத்த பிள்ளை இன்னும் எப்படிக் கவனமாக இருப்பது, சொல்லுங்கள். "படிக்கிற பிள்ளைக்குப் போன் எதற்கு?" 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் மூடியபோது கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். இன்றைக்கும் ரியூசன் நோட்ஸ் வட்ஸ்அப்பில்தான் வருகிறது.

"அவுஸ்திரேலியாவிலேயே தடை செய்துவிட்டார்கள்" என்று ஒருவர் பெரிய ஆய்வாளர் மாதிரி எழுதியிருந்தார். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பைக் கம்பனிகளின் தலையில் போடுகிறது. தவறினால் 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம், அதுவும் கம்பனிக்கு. பிள்ளைக்கும் தண்டனை இல்லை, தாய் தகப்பனுக்கும் இல்லை. ஆண், பெண் என்ற பிரிப்பும் இல்லை. வட்ஸ்அப் அந்தத் தடைக்குள் வரவே இல்லை. எங்கள் பிள்ளையின் படம் சுற்றியதோ வட்ஸ்அப்பில்.

ஆண் பிள்ளைகளோடு யார் கதைத்தது? அந்தக் கூட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வசனம் வந்ததா? சட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பாவிக்கக் கூடாது, 18 வயதுவரை பெற்றோரின் சம்மதம் வேண்டும். எத்தனை வீட்டில் அந்தச் சம்மதத்தைப் பற்றிப் பேச்சாவது எழுந்தது? செத்தவரின் நினைவாகப் பாடி அச்சடிக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டையே ஏஐயிடம் கேட்டு எழுதுகிற ஊர் இது. எங்களுக்கு வசதியென்றால் அது அறிவு, பிள்ளை தொட்டால் மட்டும் சீரழிவு. இன்னொருவருடைய படத்தை எடுத்து இப்படிச் செய்வது ஒரு மனிசரைக் கொல்லாமல் கொல்வது என்று பத்து வயதிலேயே பெடியங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

"உமக்குப் பிள்ளை இல்லை, உமக்கென்ன தெரியும்" என்று எல்லோரும் பார்க்க எழுதிய ஒரு அக்காவுக்கும் பதில் சொல்கிறேன். உண்மைதான், எனக்குப் பிள்ளை இல்லை. அதை எழுதி என்னத்தைக் கண்டீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் தாயிடம் சொல்லப் பயந்த ஒரு பிள்ளை என்னிடம்தான் வந்தாள்.

கூட்டத்தில் யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, இருபத்து நான்கு மணித்தியாலமும் எடுக்கலாம், காசில்லை. பிள்ளைகளின் இப்படியான படங்களை இணையத்திலிருந்து நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023இலிருந்து இருக்கிறது. ஏஐயில் செய்த படத்துக்கும் பொருந்தும். படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அது உங்கள் போனிலேயே இருக்கும், படத்தின் கைரேகை மாதிரியான ஒரு அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரிக்ரொக் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. வட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றுவதை அதனால் பிடிக்க முடியாது. அங்கே அழிக்க வேண்டியது குழுவில் இருக்கிற நீங்கள்தான். அனுப்பியவரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு படத்தை அழியுங்கள். போனின் கலரியிலும் கிடக்கும், அங்கேயும் போய்ப் பாருங்கள்.

நேற்றிரவு ஒருவர் உள்பெட்டியில் கேட்டார், "தங்கச்சி, அந்தப் படம் இருக்கோ, என்ன நடந்தது எண்டு பார்க்கத்தான்." கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர். அங்கே பதில் போடவில்லை, இங்கே போடுகிறேன். அண்ணை, என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டன். வேறு ஆரிட்டையும் கேட்காதேங்கோ.