டூஷென் தசைச்சிதைவும் தசைத் தளர்வு மருந்தும்: பரவும் தகவலில் எது தவறு?

தசைகள் படிப்படியாக நலியும் மரபணு நோயான டூஷென் தசைச்சிதைவு உள்ள குழந்தைக்கு, அறுவை சிகிச்சையின்போது தரப்படும் எந்தத் தசைத் தளர்வு மருந்தும் உயிரைப் பறித்துவிடும், ஆகவே அறுவை சிகிச்சையே கூடாது என்றொரு குரல்பதிவு பரவி வருகிறது. இதில் ஒரு மருந்தைப் பற்றிய உண்மை எல்லா மருந்துகளின் மீதும் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆபத்தானது சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து. அது தளர்த்துவதற்கு முன், நரம்பின் சமிக்ஞையைப் பெறும் தசையின் ஏற்பிகளைத் திறந்துவிடுகிறது. டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாமல் ஏற்கெனவே நலிந்திருக்கும் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் பெருமளவு கலந்து, சில நிமிடங்களில் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நோய் இருப்பதே தெரியாத சிறுவர்களுக்கும் இப்படி நேர்ந்திருப்பதால், அமெரிக்காவில் அம்மருந்தின் தகவல் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

மற்றொரு தசைத் தளர்வு மருந்தான ரோகுரோனியம் அந்த வகையன்று. அது ஏற்பிகளைத் திறக்காமல் அடைத்து மட்டும் வைப்பதால் பொட்டாசியம் அவ்வாறு பெருகுவதில்லை. ஆனால் இக்குழந்தைகளிடம் அது தாமதமாகத் தொடங்கி, வழக்கத்தைவிட நெடுநேரம் நீடிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால் மருந்தின் விளைவு நீங்கிவிட்டதா என்றறிய, மணிக்கட்டு நரம்பில் அடுத்தடுத்து 4 மின்தூண்டல்கள் தந்து, கட்டைவிரலின் நான்காம் அசைவு முதல் அசைவின் வலுவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்டிவிட்டதா என்று அளந்த பின்னரே சுவாசக் குழாயை எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் சுகாமடெக்ஸ் என்ற முறிவு மருந்து, ரோகுரோனியத்தைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும்.

செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் தசையைச் சிதைக்கக்கூடும் என்பதால், புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிரை (இரத்தக்குழாய்) வழியே செலுத்துவதே விரும்பப்படுகிறது. இக்குரல்பதிவை நம்பி முதுகெலும்பு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோரை எண்ணியே கவலைப்படுகிறேன். அவர்கள் நோயின் பெயரை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, இதய, நுரையீரல் பரிசோதனைகளை முடித்துக்கொள்ள வேண்டும்.