துணிச்சல் மட்டும் போதுமா?
சிறுவன் இக்பால் மாசி கொத்தடிமை வேலையிலிருந்து தப்பித்தது அவன் துணிச்சலால் மட்டுமே என்று அவனைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை, பாகிஸ்தானில் 4 வயதில் கம்பளத் தறிக்கு அடகு போன பையன் கொத்தடிமை ஒழிப்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வழி தெரிந்த பிறகுதான் மீண்டான், 1995-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எங்கள் ஒரத்தநாடு பக்கம் அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட வந்தவர்களோடு ஒரு பையன், பத்து வயசு இருக்கும், காலில் செருப்பில்லை, "ஸ்கூலுக்குப் போகலையாப்பா?" என்றதற்குக் கிடைக்காரரைத் திரும்பிப் பார்த்தானே தவிர வாய் திறக்கவில்லை. அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவனைக் கிடைக்காரரிடம் விட்டதாம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஆடு மேய்ப்பதில் என்ன தப்பு என்கிறார். சொந்த ஆடு என்றால் சரி, முன்பணத்துக்காக அடுத்தவர் ஆட்டை மேய்த்தால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமை. அந்தப் பையனைப் பார்த்த அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டிருக்கணும், நான் இரண்டு நாள் யோசித்தேன், அதற்குள் கிடை வேறு ஊருக்குப் போய்விட்டது.