ஆண்டு போட்டு எழுதிக் கொடுங்கள்

சிங்கப்பூரில் தேர்தலுக்கு வீடு தேடி வரும் வாக்குறுதித் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. 2020 ஜூலைத் தேர்தலுக்கு வந்ததும் இருக்கிறது, 2025 மே தேர்தலுக்கு வந்ததும் இருக்கிறது. நேற்று இரவு இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். வயிறு எரிகிறது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரை போட்ட நடைபாதை வரும் என்று 2020 தாளில் இருக்கிறது. 2025 தாளிலும் அதே வரி, அதே படம். ஐந்து வருஷமாக அந்த வழியில்தான் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். மழை வந்தால் குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வேன். அம்மா மருந்துப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே எப்போதும் நனைந்துவிடும்.

இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? தமிழ்ப் பக்கத்தில் 'அமைத்துத் தருவோம்' என்று இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டினால், அமைக்க முடியுமா என்று ஆராய்வார்களாம், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். தருவோம் என்று படித்தார், நம்பினார், ஓட்டுப் போட்டார். கேள்வி கேட்கப் போனால் முன்னால் நீட்டப்படுவது ஆங்கிலப் பக்கம். ஒரே தாளில் இரண்டு பேச்சா?

திட்டவட்டமாக எழுதத் தெரியாதவர்கள் இல்லை இந்த ஊரில். பொருள் சேவை வரியைப் பாருங்கள். 2021-க்கும் 2025-க்கும் இடையில் 7 விழுக்காட்டிலிருந்து 9 ஆக்குவோம் என்று 2018 வரவு செலவுத் திட்டத்திலேயே சொன்னார்கள். 2023 ஜனவரி 1-ஆம் தேதி 8, 2024 ஜனவரி 1-ஆம் தேதி 9. சொன்ன எண், சொன்ன காலத்துக்குள். அந்த உயர்வைத் தாங்கிக்கொள்ள 600 கோடி வெள்ளித் தொகுப்பு என்று 2020-இல் அறிவித்தார்கள். அதையும் கொடுத்தார்கள், பிறகு கூட்டியும் கொடுத்தார்கள். வரி ஏறியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 1999-க்குள் சுவிட்சர்லாந்து வாழ்க்கைத்தரம் என்று 1984-இல், பின்னாளில் பிரதமரான கோ சோக் டோங் சொன்னதை மக்கள் இன்னும் எடுத்துப் பேசுகிறார்களே, ஏன்? ஆண்டு போட்டுச் சொன்னார். எட்டினோமா இல்லையா என்று வாதாடவாவது ஒரு கோடு இருக்கிறது. 'ஆராய்வோம்', 'பாடுபடுவோம்' என்றால் எதை வைத்து அளப்பது?

கோப்பிக் கடையில் இதைச் சொன்னால், "என்ன, நீ எதிர்க்கட்சி ஆளா?" என்கிறார் ஒரு அண்ணன். பக்கத்து மேசைக்காரர் உடனே, "இவங்க எதையுமே செஞ்சதில்லைம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறார். இரண்டுமே எனக்கு வேண்டாம். எங்கள் புளோக்கில் மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது. சொன்னார்கள், வந்தது. அது இல்லையென்றால் அம்மாவை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரவே முடியாது. அதை நான் மறைக்கவில்லை. செய்ததைச் செய்தது என்று சொல்கிற எனக்கு, செய்யாததைக் கேட்கவும் உரிமை உண்டு. யார் ஆட்சி, யார் எதிர் என்பதெல்லாம் அப்புறம். எழுதிக் கொடுத்தது என்ன, நடந்தது என்ன? இதைக் கேட்டால் ஏன் ஆளுக்கு ஒரு சட்டையை என்மேல் மாட்டுகிறீர்கள்?

போன வாரம் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கடிதம் தட்டச்சு செய்த தொண்டூழியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். 2025 தாளை மட்டும் படம் எடுத்துக்கொண்டான். "அந்தப் பழைய தாள் வேண்டாம் அக்கா" என்றான்.

அந்தப் பழைய தாள்தான் வேண்டும், தம்பி. அது இல்லாவிட்டால் புதுத் தாளில் இருப்பது புது வாக்குறுதி ஆகிவிடும். அதையும் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தான். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கவும் சொன்னேன்: நடைபாதை எந்த ஆண்டு, எந்த மாதம் முடியும் என்று எழுத்தில் தெரிவிக்கவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி.

வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபடியும் மருத்துவமனை. வானம் இருட்டிக்கொண்டே இருக்கிறது.