பழைய தேவாலயச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் நிற்குமா?

"பழைய தேவாலயத்தைச் சமூக மண்டபமாக்கப் போகிறீர்களா? சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசுங்கள், ஈரமே வராது" என்றொரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1757இல் திறக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயம் போன்ற ஒல்லாந்தர் காலக் கட்டடங்களின் தடித்த சுவர்கள் கபுக்கல்லும் (வெட்டியெடுத்த செம்புரைக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. நிலத்திலிருந்து ஏறும் நீர் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும். நீரோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லையே பொடியாக்கும். சில காலம் வெளிப்புறம் பளிச்சென்று தெரியும், ஏமாற்றுவது அதுதான். பிளாஸ்டிக் இமல்ஷன் பெயின்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும்.

முதலில் கூரைநீர் வடியும் பீலியைச் சுத்தம் செய்து, வெளியே சுவரடி மண்ணின் மட்டத்தை உள்தளத்துக்குக் கீழே இறக்குங்கள். பாதித் தொல்லை அங்கேதான். சுவர் உலர்ந்தபின், நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் 3 பங்கு கலந்து, ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டாமல் பூசுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், ஆகவே ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமென்றால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி உளியை எடுக்கவே கூடாது.