மைக்கைப் பிடுங்கினால் ஒளியின் வேகம் கூடிவிடாது

நேற்றைய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரவு தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். குவாண்டம் பின்னலால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று அங்கே சொன்னார்கள். கேள்வி கேட்க எழுந்த என்னிடமிருந்து மைக்கை வாங்கிவிட்டார்கள்.

குவாண்டம் பின்னல் (entanglement) என்பது இரண்டு துகள்களை அளந்தால் வரும் விடைகள், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி அவை பிணைந்திருப்பது. அதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாது. அரங்கமே கைதட்டினாலும் முடியாது. பின்னிய இரண்டு ஃபோட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், ஒன்றை இங்கே அளந்தால், அங்கே அளப்பவரின் விடை இதோடு ஒத்துப்போகும். சரி. ஆனால் எனக்கு என்ன விடை வரும் என்பது என் கையில் இல்லையே! அவருக்குக் கிடைப்பதும் நாணயம் சுண்டியதுபோல் பூவா தலையா வரிசைதான். நான் அளந்தேனா இல்லையா என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால்தான் ஒற்றுமை தெரியும். பட்டியல் போய்ச்சேர வேண்டியது சாதாரண வழியில், ஒளியின் வேகத்துக்கு உட்பட்டு.

"2022 நோபல் பரிசே இதற்குத்தானே?" இல்லை. துகள்கள் தம் விடைகளை முன்கூட்டியே சுமந்து சென்றால் அவற்றின் ஒற்றுமை தாண்ட முடியாத எல்லை ஒன்றை இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் எழுதினார்; அந்தச் சமனின்மை மீறப்படுவதைச் சோதனையில் நிறுவியதற்காக ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் தந்தார்கள். "டெலிபோர்ட்டேஷன்?" ஒரு துகளின் குவாண்டம் நிலையைத் தொலைவில் இன்னொரு துகளில் உருவாக்கும் அதற்கும், 1993இல் சொன்ன முறையிலேயே, ஒரு கியூபிட்டுக்கு (குவாண்டம் தகவலின் அலகு) இரண்டு பிட் (0 அல்லது 1 என்ற தகவல்) சாதாரண வழியில் போயாக வேண்டும். "நாளைக்குக் கண்டுபிடித்தால்?" கண்டுபிடிக்கட்டும். அது வேறு இயற்பியலாக இருக்கும்.

எனக்குக் கனவு காணத் தெரியாது என்றார்களே, அதுதான் வலிக்கிறது. கல்லூரியில் இதே கனவில் ஒரு நோட்டு முழுக்கப் படம் வரைந்தவன் நான். இங்கே அளந்தால் செய்தி 1, அளக்காவிட்டால் 0. என் ஆசிரியர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடை தேடித்தான் குவாண்டம் இயக்கவியலை ஒழுங்காகப் படித்தேன்.

அமெரிக்க இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட்டும் அப்படி ஒரு திட்டத்தைக் கட்டுரையாக எழுதினார், 1982இல். வந்த ஃபோட்டானை அப்படியே பல பிரதி எடுத்தால் செய்தியைப் படித்துவிடலாம் என்றார். இதழுக்காக அதை மதிப்பிட்ட இயற்பியலாளர்களில் ஒருவரான ஆஷர் பெரெஸுக்கு அது தவறு என்று தெரியும். ஆனாலும் வெளியிடச் சொன்னார். எங்கே தவறு என்று தேடிப் போனதில்தான், தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று வூட்டர்ஸ், சூரெக், டீக்ஸ் நிறுவினார்கள். தவறான கட்டுரைக்கே அவ்வளவு மரியாதை கிடைத்தது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன், பாதியில் மைக்கை வாங்கிவிட்டீர்கள்.

அன்று ஆசிரியர் கேட்டதைத்தான் நேற்று கேட்க வந்தேன். உங்களிடமிருந்து வேறு எந்தத் தகவலும் வருவதற்கு முன், அங்கே இருப்பவர் தன் தாளில் எதைப் பார்த்துச் செய்தியைத் தெரிந்துகொள்வார்?